வங்கியை ரிஜெக்ட் செய்த செக்கிங் அக்கா

என்னுடைய 1973-ஆம் ஆண்டு டைரியில், ஆவணி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு எதிரே இப்படி எழுதியிருக்கிறேன்: "செக்கிங் அக்கா, ஒன்பதாவது தடவை. தலைவலி மாத்திரை, இரண்டு." திருப்பூரில் வங்கியிடம் கடன் கேட்டவர்கள் எத்தனையோ பேர். வங்கிக்கே பரீட்சை வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அப்போது நான் அங்கே ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு எழுத்தர். அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். தைத்து வரும் பனியனை உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டை கண்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கும் வேலை. அந்தக் கை வெளியிலும் சும்மா இருக்காது. என் மேஜைக்கு வந்ததும் முதலில் என் சட்டைக் கையைத் திருப்பி, தையல் விட்ட இடத்தைக் காட்டுவார். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ராயபுரத்தில் ஒருவர் தொழிலை மூடிவிட்டு பனியன் ஓரம் தைக்கும் இரண்டு ஓவர்லாக் மெஷின்களை விற்க வைத்திருந்தார். அவற்றை வாங்கிச் சொந்தமாகத் தைக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று விற்பவர் சொல்லிவிட்டார். நான் கடன் படிவத்தைக் கொடுத்தேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது திரும்பி வந்தது. 'கணவர் கையொப்பம்' என்ற வரியைச் சுற்றி நீலச் சாக்பீஸ் வட்டம்.

"இங்க ஓட்டை இருக்குதுங்க தம்பி. எங்கூட்டுக்காரரு போயி ஏழு வருசமாச்சுங்க. எங்க இருக்காருன்னு உங்க பேங்குக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

அப்படியானால் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் போடட்டும் என்றார் மேனேஜர். நூல் கடை முதலாளி ஒருவர் தானாகவே முன்வந்தார். நான் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தேன். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"ஏனுங்கக்கா, அவரே வர்றேங்கறாரு. உங்களுக்கென்னங்க?"

"ஒரு தண்ணிக்குத் தாங்காதுங்க. சாயம் போயிரும். நாளைக்கு எம்பட மெஷினுன்னு வந்து நிப்பாரு."

மங்கலத்தில் தறி வைத்திருந்த சொந்தத் தம்பியும் ரிஜெக்ட். இழுத்த இழுப்புக்கு நீளுவானாம், பழையபடி நிற்க மாட்டானாம். இதற்கிடையில் ஊரிலிருந்த மற்ற வங்கிகளுக்கும் போய் வந்து, ஒன்றில் கேஷியர் முகம் பார்த்துப் பேசுவதில்லை, இன்னொன்றில் மின்விசிறி ஆடுகிறது என்று என்னிடம் அறிக்கை வேறு. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. பொறுமையிழந்து, விதி என்றால் விதிதான் என்று சத்தம் போட்டேன்.

"அந்த விதியை நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்களா சாமி?"

படித்திருக்கிறேன் என்று காட்டுவதற்காக டிராயரிலிருந்த சுற்றறிக்கைகளை மேஜையில் கொட்டினேன். அக்கா எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்க்கிறேனா என்று மேற்பார்வை செய்தார். ஒரு தாளின் பின்பக்கத்தில் இருந்தது: சிறு தொழில் தொடங்கும் பெண்களுக்கு, வாங்கும் இயந்திரத்தையே ஈடாக ஏற்றுக் கடன் தரலாம், கணவர் கையொப்பமோ ஜாமீனோ கட்டாயமில்லை. அது வந்து சேர்ந்த தேதியைச் சிவப்பு மையில் அழகாகக் குறித்துக் கோத்தவன் நான்தான். பின்பக்கத்தை மட்டும் திருப்பவில்லை.

மாதத்தின் கடைசி நாளில் மெஷின்கள் மாட்டுவண்டி ஏறின. அக்கா என்னைத் திட்டவில்லை. இப்போது நினைத்தாலும் அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

பிறகு வந்த புதுப் படிவத்தில் 'கணவர் கையொப்பம்' என்ற வரி இல்லை. வட்டம் போட்ட தாளை நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது உண்மை. அதனால்தான் அந்த வரி போனதா என்பதற்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. விசாரித்து எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. உறுதி செய்யாத எதையும் நான் யாரிடமும் சொல்வதில்லை. இது ஒன்றை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.