கம்பியின் தடையைக் கண்டுகொள்ளாதவர்

பெரிய விஷயங்களை மட்டுமே கவனிப்பது என்று முடிவு கட்டிக்கொண்டு பிறந்த ஓர் இனம் உண்டு. சின்னதாக எதைக் காட்டினாலும் "அதை விட்டுடலாம்" என்பார்கள். குழாய் சொட்டுகிறதா? விட்டுடலாம். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றில் ஏதோ நெடி வருகிறதா? தினமும் வருவதுதானே, விட்டுடலாம். உங்களுக்கும் இப்படி நாலு பேரைத் தெரிந்திருக்கும். தெரியாதென்றால், திருவொற்றியூரில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் பாடம் எடுக்கும் ஞானதுரையைப் பாருங்கள்.

கெட்டிக்காரர். கரும்பலகையில் அவர் எழுதும் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்தடை மிகக் குறைவு, ஆகவே அது இல்லையென்று கொள்வோம். அப்படிக் கொண்டுவிட்டால் கணக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும்.

வீட்டிலும் அதே கணக்குத்தான். அவர் சம்பாதிக்கிறார்; மனைவி சுகிர்தம் ராயபுரத்தில் கயிறும் வலையும் விற்கும் கடை நடத்துகிறாள். ஆகவே வீட்டு வேலை ஆளுக்குப் பாதி என்று கல்யாணமான புதிதிலேயே அறிவித்துவிட்டார். தண்ணீர் லாரி வந்தாலும், சிலிண்டர் வந்தாலும், தன் அம்மாவுக்கே மருந்து வாங்க வேண்டியிருந்தாலும் அவர் மாட்டேன் என்றதில்லை. "இதோ" என்பார். அந்த 'இதோ'வுக்கும் எழுந்திருப்பதற்கும் நடுவே கொஞ்சம் தாமதம் உண்டு. அதற்குள் சுகிர்தம் வேலையை முடித்திருப்பாள். அவ்வளவு சின்னத் தாமதத்தை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், காசிமேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சுப்புராயன் அவரைத் தேடி வந்தார். கன்னியம்மாவின் இரும்பு விசைப்படகுக்கு அடித்தகடு மாற்ற ஒப்புக்கொண்டிருந்த நேரத்தில் வெல்டிங் மெஷின் மக்கர் செய்தது. கரண்டைச் சீராக்க அதில் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு காயில்கள் சுற்றியிருக்கும். இணையாகச் சேர்த்திருப்பதால் வருகிற கரண்டை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று கருகிவிட, சுற்றிக் கொடுத்தவர்கள் அதே பருமனில் அலுமினியக் கம்பியைப் போட்டிருந்தார்கள்.

"ஒண்ணு செம்பு, ஒண்ணு அலுமினியம். ஓட்டலாமா சார்?"

ஞானதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்று, ஒரே சட்டம், ஒரே காந்தம். ஆகவே ஆளுக்குப் பாதி கரண்டு என்று விளக்கினார். அலுமினியத்துக்குத் தடை கொஞ்சம் கூடுதல் என்பது அவருக்குத் தெரியாததா? தெரியும். "அது சின்னது, விட்டுடலாம்" என்று அனுப்பிவைத்தார்.

ஆனால் காந்தக் கணக்கெல்லாம் கரண்டு ஏறி இறங்கும்போது மட்டும்தான். அது நிலைத்து ஓடத் தொடங்கியதும் காந்தம் ஒதுங்கிக்கொள்ளும்; கம்பியின் தடைதான் பங்கு பிரிக்கும். அதிலும் ஒரு வேடிக்கை. இரண்டு காயிலும் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சீக்கிரம் அந்தச் சின்னத் தடை தன் வேலையைக் காட்டிவிடும். அலுமினியம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. மீதியெல்லாம் செம்பின் தலையில் விழுந்தது. தகடு பாதி ஒட்டியிருக்கும்போதே செம்புக் காயில் புகைந்து கருகியது.

தடைக்காலம் முடிந்தது. கன்னியம்மா நேரே ஞானதுரையின் வீட்டுக்கு வந்தார்.

"அல்லா போட்டும் கடலுக்குப் பூட்ச்சு சார். என் போட்டு மட்டும் கரையில குந்திகினு கீது. நீ சரின்னு சொன்னதாலதான் அவுரு ஓட்டினாரு."

ஞானதுரை முதலில் வோல்டேஜைக் குறை சொன்னார். பிறகு அலுமினியத்தை. தேநீர் கொண்டுவந்த சுகிர்தம்தான் எந்தக் காயில் எரிந்தது என்று கேட்டாள்.

"செம்பு. நல்ல காயில்தான். தடை கம்மி, அதனால கரண்டு அது வழியா ஜாஸ்தி போயிருக்கு."

"அப்ப முரண்டு பிடிச்சது நல்லா இருக்கு. பிடிக்காதது எரிஞ்சுபோச்சு. அப்படித்தானுங்களே?"

"கரெக்ட்" என்றார் ஞானதுரை, நல்ல மாணவி கிடைத்த மகிழ்ச்சியோடு.

கன்னியம்மா தேநீரைக் குடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சுப்புராயன் இரண்டு காயிலையும் செம்பிலேயே சுற்றிப் பூட்டினார். தகடு ஒட்டியது, படகு தாமதமாகக் கடலுக்குப் போனது. கடலுக்குப் போகும் முதல் நடையில் கிடைக்க வேண்டிய மீன் மற்றவர்களுக்குப் போயிற்று.

படகு போன மறுநாள் காலை தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. ஞானதுரை "இதோ" என்றார். சுகிர்தமும் "இதோ" என்றாள். இருவருமே எழுந்திருக்கவில்லை. ஹாரன் மறுபடி அடித்தது. அவர் அவளைப் பார்த்தார்; அவள் சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்குத் தெரு முழுக்கப் பார்க்க, ஞானதுரை இரண்டு கையிலும் குடத்தோடு லுங்கி தடுக்க நடந்து வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தவர், குடம் இவ்வளவு கனக்குமென்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"சின்ன விஷயம்தானேங்க" என்றாள் சுகிர்தம்.

திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இப்போது வகுப்பில் முதல் வரியை மாற்றிவிட்டார்: கம்பிக்குத் தடை உண்டு, ஆனாலும் இந்தக் கணக்குக்கு மட்டும் விட்டுவிடுவோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்குள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களே, என்ன பதில் சொன்னீர்கள்?