மேலாளருக்கு நல்ல தண்ணீர் ஊற்றிய கதை

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியலில் இல்லாதது நடக்காது என்று மனதார நம்புவார்கள். எனக்கு அது முற்றிய நிலை. (கல்லூரிச் சுற்றுலாவில் அருவிக்குக் கீழே நின்றபடியே ‘குளித்தாயிற்று’ என்று டிக் போட்டவள் நான். நோட்டும் குளித்தது.)

பெட்ரோலியப் பொறியியல் முடித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆலோசனை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். முதல் வேலை, டெல்டா பக்கம் இருக்கும் வயதான எண்ணெய் வயல் ஒன்று. எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரிக் கிடப்பதில்லை. பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கிறது. முதலில் தன் அழுத்தத்தில் தானே மேலே வரும். அழுத்தம் தளர்ந்தால் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அப்போது ஒரு கிணற்றில் தண்ணீரைச் செலுத்தி, மிச்ச எண்ணெயை அடுத்த கிணற்றுக்குத் தள்ளலாம். இந்த வயலுக்கு அது சரிப்படுமா என்று நான் மதிப்பிட வேண்டும்.

மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதினேன். சரிப்படும், ஆனால் கடல்நீர்தான் செலுத்த வேண்டும். பாறையில் களிமண் கலந்திருப்பதால் உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டால் அது ஊதித் துளைகளை அடைத்துவிடும். இதை நானே எழுதி, நானே அடிக்கோடும் போட்டிருந்தேன்.

வயலின் மேலாளர் ராஜசேகர் சார் நேரில் வருவதாகச் சொன்னார். அவர் ஒப்புக்கொண்டால் என் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

வரைபடம் காட்டினால் தூங்கிவிடுவாரே என்று வயலின் சின்ன மாதிரி ஒன்றைச் செய்தேன். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் பாறைக்குத் தேரிக்காட்டுச் செம்மணல், களிமண்ணுக்கு எட்டயபுரம் கரிசல் மண், எண்ணெய்க்கு நல்லெண்ணெய். தண்ணீரைத் தள்ள, செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு. அது அப்பா கடைச் சரக்கு.

“ஏளா, பம்பு வெடிச்சா கம்பெனிக்காரன் மாத்திக் குடுப்பான். வேல போனா எவன் மாத்திக் குடுப்பான்?” என்றார் அப்பா.

“பத்து தடவ சோதிச்சுட்டேன்ப்பா.”

சோதித்தது உண்மை. பத்தும் கடல்நீரில்.

ராஜசேகர் சார் தும்பைப்பூ வெள்ளையில் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என் மேலதிகாரி ஸ்டெல்லா மேடம் அவரை முன்வரிசையில், குழாய்க்கு நேரெதிரே உட்கார வைத்தார். நான் அன்று காலை மீன்பிடித் துறைமுகத்தில் மொண்டு வந்த கடல்நீர்க் கேனைத் திறந்தேன். சாளை மீன் வாசம் குப்பென்று எழுந்தது. மேலே செதில்கள் மிதந்தன. சார் கைக்குட்டையைத் தேடினார்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றில் வரும் உப்புத் தண்ணீர் துவைக்க, கழுவ. குழாயில் என்றைக்கோ வரும் நல்ல தண்ணீர் குடிக்க. வந்தவர் முன்னால் உப்புத் தண்ணீரை வைத்தால், பெண்ணை வளர்த்த லட்சணத்தைத் தெருவே பேசும். அந்த வளர்ப்பு என் படிப்பைவிட மூத்தது. கை தானாகப் போய்ப் பக்கத்தில் இருந்த குடிநீர்க் கேனைத் திறந்து பம்பை நிரப்பியது.

அடித்தேன். மறுமுனையில் எண்ணெய் சொட்டியது.

“பாத்தீங்களா சார், வருது!”

நின்றுவிட்டது. இன்னும் வேகமாக அடித்தேன்.

ஸ்டெல்லா மேடம் காதோரம் வந்து, “ஏளா, உள்ள என்னத்த ஊத்தின?” என்றார்.

“நல்ல தண்ணிதான் மேடம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது. அதற்குள் கை இன்னும் இரண்டு முறை அடித்துவிட்டது. (கை மட்டும் எப்போதும் சுறுசுறுப்பு.) குழாயின் மூடி தெறித்தது. கரிசலும் நல்லெண்ணெயும் குழைந்த குழம்பு ராஜசேகர் சாரின் மீசையிலிருந்து இடுப்பு வரை அபிஷேகமானது.

மனதுக்குள் நான் கடையில் ஆணி நிறுக்கத் தொடங்கியிருந்தேன்.

ஸ்டெல்லா மேடம் முகம் மாறாமல், “இதத்தான் சார் காட்டணும்னு நெனச்சோம். நல்ல தண்ணி விட்டா இதான் கதி” என்றார்.

“இல்ல மேடம், நாந்தான் மறந்து…” என்று ஆரம்பித்தேன். மேஜைக்கடியில் அவர் செருப்பு என் காலை மிதித்தது.

சார் நிதானமாக மீசையைத் துடைத்தார். “கடல்லேர்ந்து குழாய் இழுக்க செலவாகும், பக்கத்துல ஓடுற வாய்க்கால் தண்ணியையே விட்டுடலாம்னு சொல்லத்தான் வந்தேன்.” சட்டையைக் குனிந்து பார்த்தார். “வேணாம்மா. கடல் தண்ணியே போதும். இப்ப எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும். இவங்க வேணாம், வேற யாராவது குடுங்க.”

வேலை நிரந்தரமானது. கதை அதைவிட நிரந்தரமானது. அன்று மாலையே அப்பா கடை வழியாக, ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் இலவச இணைப்பாகப் போனது.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தண்ணீர்த் தட்டோடு நான் கூடத்துக்குள் வந்ததும் அப்பா பதறி எழுந்து, “மாப்பிள்ளை, வெள்ளைச் சட்டை போட்டிருக்கீக. கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்றார்.

“ஏன் அண்ணாச்சி?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்க, முழுக்கதையும் செய்கையோடு அரங்கேறியது. மாப்பிள்ளை நிஜமாகவே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் நான் அடுப்பில் குக்கர் வைத்தால், அவர் சமையலறைக்கு வெளியே நின்றுதான் “விசில் வந்துச்சா?” என்று கேட்கிறார்.