கட்சி முடிந்துவிட்டது என்று பத்திரிகை அடித்தவன்

அரசியல் எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் காலம் மொத்தம் ஏழு மாதம். அதற்குள் ஒரு பெரிய கட்சிக்கு நான் தனியாளாகக் கருமாதி செய்து முடித்துவிட்டேன். கட்சிக்குத்தான் அந்த விஷயம் தெரியாமல் போய்விட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் லைன் லீடர். அந்தக் கட்சி அடுத்தடுத்து இரண்டு தேர்தலில் தோற்றிருந்தது. இனி எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்று டிவி விவாதத்தில் கோட்டு போட்ட ஒருவர் சொன்னார். மறுநாள் ஷிப்ட் பஸ்ஸில் நான் அதை என் சொந்தக் கண்டுபிடிப்பாகச் சொன்னேன். இளைஞர்கள் போய்விட்டார்கள், கிளைச் செயலாளர்களுக்கெல்லாம் முட்டிவலி, கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கக்கூட ஆளில்லை என்று விரல் மடக்கி விளக்குவேன். (தூங்கறவங்களைக்கூட எழுப்பிச் சொல்லியிருக்கேன். பாவம், நைட் ஷிப்ட் பார்த்தவங்க.)

அந்த வருடம்தான் தங்கை கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேலை. பத்திரிகை அடிக்கும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்தார். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுப்போட்டாகிவிட்டது, ஓட்டு எண்ணிக்கைக்கு இன்னும் நாள் இருந்தது. எண்ணிக்கை முடிந்து பத்தாம் நாள் முகூர்த்தம்.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையில் 'முன்னிலை' என்று ஒரு பெரிய மனிதர் பெயர் போடுவது வழக்கம். எங்களுக்கு அது ஏகாம்பரம்தான் என்பதில் அப்பாவுக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் அந்தக் கட்சிக்கு எல்லாமே அவர்தான். அப்பாவின் பால்ய சிநேகிதர். எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கம்பெனி கேட்டில் நான்கு நாள் நின்று பேசியவர். அப்படிக் கிடைத்த வேலையில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அவர் கட்சியைப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் அச்சகத்தில் அவர் பெயரை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் பெயரைப் போட்டேன். அவரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவர் என்னை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கட்டுப் பிரித்ததும் அப்பா ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். உறையைக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

"ஏகாம்பரம் பேரு எங்கடா?"

"அவரு கட்சியே இருக்காதுப்பா. இருக்கப்போற கட்சிக்காரர் பேரைப் போட்டாத்தான் மாப்பிள்ளை வீட்ல நமக்கு மதிப்பு."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத எப்படிடா அவன் கைல குடுப்பேன்" என்று மட்டும் கேட்டார். நான் கொடுத்துக்கொள்கிறேன் என்று வாங்கி பைக் பெட்டியில் வைத்தேன். தினமும் அவர் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். அந்த இடம் வரும்போது மட்டும் ஐம்பதில் போவேன்.

எண்ணிக்கை நாளன்று எனக்குக் காலை ஷிப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக முடியும். வெளியே போய்வரும் ஒரே ஆள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முருகேசன். ஒன்பது மணிக்கு என்னைக் கடந்தபோது சிரித்தான். பத்து மணிக்கு ஹாரன் அடித்தான். பதினோரு மணிக்கு வண்டியையே நிறுத்திவிட்டு, "இன்னாப்பா, நீ பொதச்ச கட்சி எல்லா ஊர்லயும் முன்னிலையாமே" என்றான். முன்னிலை. பத்திரிகையில் நான் கை வைத்த அதே வார்த்தை. அன்றைக்கு நான் பார்த்த சீட்டுகளில் ஐந்தில் தையல் கோணல் என்று குவாலிட்டியில் இருந்து திருப்பி அனுப்பினார்கள்.

சாயங்காலம் சேரப்பணஞ்சேரி முழுக்க வெடிச் சத்தம். பத்திரிகையில் நான் போட்ட ஆளுங்கட்சிக்காரருக்கு போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். (இன்னைக்கு வரைக்கும் ஆன் ஆகல.)

அடுத்த இரண்டு நாள் ஏகாம்பரம் வீட்டுப் பக்கமே போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். கவிதா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஏகாம்பரம் ஆட்கள் மண்டபத்துக்கு வந்து தகராறு செய்வார்களோ, கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லி என் வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று விதவிதமாகக் கற்பனை செய்தேன். கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஏழு மாதமாக எனக்கு வந்த யோசனைகளின் தரத்திலேயே அதுவும் இருந்தது.

படப்பையில் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில், தங்க நிற எழுத்தில் ஏகாம்பரம் பெயரை வெட்டி வாங்கினேன். பைக் பெட்டியில் இருந்த பத்திரிகையில், ஆளுங்கட்சிக்காரர் பெயர் மேல் ஒட்டினேன். மணமக்கள் பெயரைவிட அது அதிகமாக மின்னியது. ஊரில் மற்ற எல்லாருடைய கையிலும் பழைய பத்திரிகை இருக்கிறதே என்பது, ஒட்டி முடித்து அவர் வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது.

வாசலில் திருவிழாக் கூட்டம். சால்வையோடு நின்றவர்களுக்குப் பின்னால் நான் தாம்பாளத்தோடு நின்றேன். வெயில் நேராகப் பத்திரிகை மேல் அடித்தது.

என் முறை வந்தது. ஏகாம்பரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தன் பெயர் வந்ததும் கட்டைவிரல் அங்கே நின்றது. வெயிலில் ஸ்டிக்கரின் ஒரு முனை எழும்பியிருந்தது. நகத்தால் மெதுவாக நிமிண்டினார். அது பாதி உரிந்து வந்தது. அடியில் இருந்த பெயரை வாய்க்குள் படித்தார். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். நான் தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையை நேராக அடுக்க ஆரம்பித்தேன்.

"நான் கட்சில சேர்ந்த வருசமே கட்சி முடிஞ்சிதுன்னாங்க தம்பி. அத நம்பிகினு எங்க மாமனாரு பொண்ணு குடுக்க ஒரு வருசம் யோசிச்சாரு. அப்பலேர்ந்து நாலு தபா எங்களுக்குக் கருமாதி பண்ணிட்டாங்க. நீ அஞ்சாவது ஆளு."

மன்னிச்சிடுங்க மாமா என்றேன்.

அவர் ஸ்டிக்கரை இருந்த இடத்திலேயே வைத்து விரலால் நீவி ஒட்டினார். "உங்கப்பன் ஏன் வரல?" என்று கேட்டார். வெட்கப்படுகிறார் என்றேன். "நீ இல்ல வெக்கப்படணும். அவன் இன்னா பண்ணான்?" என்றவர், கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். நான் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டில் அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கவிதாவிடம் டீ கேட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார். மைக்கைக் கொடுத்தார்கள். என்னை மேடைக்கு அழைத்து, "எங்க கட்சிக்குக் கருமாதி பத்திரிகை அடிச்ச தம்பி இவருதான்" என்று மண்டபத்துக்கே அறிமுகம் செய்துவைத்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். கெட்டிமேளத்துக்காக நிமிர்ந்த நாதஸ்வரக்காரர் சிரித்து முடித்துத்தான் ஊதினார்.

அடுத்த வருடம் கவிதாவுக்குப் பெண் குழந்தை. யாரையும் கேட்காமல் அவளே ஏகாம்பரம் வீட்டுக்குப் போய், நீங்கள்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அழைத்து வந்தாள். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழந்தை காதில் மூன்று முறை சொன்னார்: வெற்றிச்செல்வி.

போன ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அழகான பெயராக இருக்கிறதே, எப்படி வைத்தார்கள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இந்தக் கதையை வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பாளோ, யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள்: "எங்க மாமா தோத்துட்டாரு மிஸ், அதான்."