பால் வாங்கப் போன சடையாண்டி

பழனி மலையில் விதவிதமான ஜீவராசிகள் உண்டு. காட்டுமாடு உண்டு, அது தெருவில் வந்து நின்றால் நாம் ஒதுங்கிப் போகிறோம். குரங்கு உண்டு, நம் கையிலிருக்கும் சோளக்கதிரைப் பறித்துக்கொண்டு அது ஒதுங்கிப் போகிறது. எதற்கும் ஒதுங்காத மூன்றாவது ஜீவராசி ஒன்று உண்டு. மூக்கில் கண்ணாடி, காதில் பென்சில், மடியில் ஒரு மர்ம நாவல். கண்டுபிடித்துவிட்ட வாசகர் என்று பெயர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். வத்தலக்குண்டில் பஸ் ஏறும்போது முதல் பக்கத்தைப் பிரிப்பார். மலை ஏறத் தொடங்கியதும் முதல் பிணம் விழும். நாலாவது வளைவில், பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, அவர் தோளைத் தட்டி, “டிரைவர்தான் சார் கொன்னவன்” என்பார். பாவம், அந்த மனிதர் நம் பஸ் டிரைவரை மிரண்டுபோய்ப் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் கொன்றது டிரைவர் இல்லை, டாக்டர் என்று தெரிந்தால் நம்மவர் அசருவாரா? “நான் நெனச்சதும் டாக்டரத்தான். ஒங்களுக்கு சஸ்பென்ஸ் போயிரக் கூடாதேன்னு மாத்திச் சொன்னேன்.” நூலகத்துப் புத்தகமென்றால் ஓரத்தில் ‘இவன்தான்!’ என்று எழுதுவார். அதன்கீழ் இன்னொருவர் ‘இல்லை, அவள்’ என்று எழுதியிருப்பார். அதற்கும் கீழே மூன்றாவது கையெழுத்தில், ‘இருவரும் மடையர்கள்.’

இந்த ஜீவராசி எதைத் தின்று உயிர் வாழ்கிறது? எழுத்தாளரைத்தான். நம்ப முடியவில்லையென்றால் கொடைக்கானல் நாயுடுபுரத்துக் குருநாதனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

குருநாதன் முன்னாளில் வீடு வீடாகப் போய்க் கரண்ட் ரீடிங் எடுத்தவர். எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை, எந்தப் பங்களாவில் ஆளே இல்லாமல் மீட்டர் ஓடுகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு மனிதன் என்னதான் செய்வான்? மர்ம நாவல் எழுத ஆரம்பித்தார். மாதம் ஒன்று. டி.எஸ்.பி. பரிதி துப்பறியும் நாவல்கள் நூற்று நாற்பத்து நாலு, நாவலுக்குக் குறைந்தது மூன்று பிணம். ஏரியில் மிதக்கவிட்டார், பைன் காட்டில் தொங்கவிட்டார், தூண்பாறையிலிருந்து உருட்டிவிட்டார், மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் கம்பளிக்குள் சுருட்டி வைத்தார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மட்டும் மனைவி லீலாவைக் கூப்பிடுவார்.

இப்படிப்பட்டவர் நூற்று நாற்பத்து நாலாவது நாவலான ‘மூட்டைக்குள் முகம்’ எழுதும்போது ஒரு சின்னக் காரியம் நடந்தது. நாலாம் அத்தியாயத்தின் கடைசியில் பூண்டு வியாபாரி சடையாண்டி, “பால் வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். ‘பனி அவனை விழுங்கியது’ என்று குருநாதன் எழுதி முடிக்கவும், “அடை ஆறிப்போகுதுங்க” என்று லீலா கூப்பிடவும் சரியாக இருந்தது. போனார். நாலு அடை சாப்பிட்டார். வந்து உட்கார்ந்து ஐந்தாம் அத்தியாயத்தில் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே லாட்ஜ் மேனேஜரின் முகம். பிறகு ஓட்டம், துரத்தல், மேனேஜரின் மைத்துனன் கையில் விலங்கு. முற்றும்.

சடையாண்டி?

புத்தகம் கடைக்கு வந்த மறுநாள் காலையில், இட்லியும் கையுமாக அதைப் புரட்டியபோதுதான் குருநாதனுக்கு உறைத்தது. இட்லி பாதி வழியில் நின்றது.

“லீலா, சடையாண்டி திரும்பி வரவே இல்ல!”

“எந்தச் சடையாண்டி? பேத்துப்பாறை சடையாண்டியா? நேத்து வெள்ளனேகூட கேரட் குடுத்துட்டுப் போனாரே.”

“அவரில்ல. என் சடையாண்டி!”

“போன் அடிக்குது, எடுங்க.”

போனில் சேனாதிபதி. மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறவர். கொடைக்கானல் வட்டாரக் கண்டுபிடித்துவிட்ட வாசகர்களுக்கு அறிவிக்கப்படாத தலைவர்.

“சார், கண்டுபிடிச்சிட்டேன்.”

குருநாதன் இட்லியைத் தட்டில் வைத்தார். தொலைந்தது மானம். “என்னங்க கண்டுபிடிச்சீங்க?”

“பால் வாங்கப் போனவன் வரல.”

“அது வந்துங்க…”

“என்னா மூளை சார் ஒங்களுக்கு! மைத்துனன் சும்மா டம்மி. அசல் கொலைகாரன் சடையாண்டி. டி.எஸ்.பி.யே ஏமாந்துட்டாரு. தப்பான ஆளப் புடிச்சிட்டோம்னு தெரியாம கதையே முடிஞ்சிருது! ஒலகத்துல எவன் சார் இப்பிடி எழுதுவான்?”

குருநாதன் என்ன செய்திருக்க வேண்டும்? ‘ஐயா, மறந்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சரி, ஒருவர் உங்களை மேதை என்று புகழும்போது குறுக்கே பாய்ந்து திருத்தியிருக்கிறீர்களா? அவரும் திருத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க” என்றார்.

பத்து நிமிஷம் கழித்துப் பழனியிலிருந்து அழகுமலை கூப்பிட்டார். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. வாடிக்கையாளர் காத்திருக்க, கல்லாவுக்குக் கீழே வைத்து நாவல் படிக்கிறவர்.

“சடையாண்டி செத்துட்டான் சார். ‘பனி அவனை விழுங்கியது’ன்னு எழுதிருக்கீங்க. முழுங்குனது திரும்பி வருமா? டாப்பு சார்!”

“நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் ‘ஒருத்தர்’ ஆகிவிட்டார்கள். பதினொரு பேரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பது குருநாதனுக்குத் தெரியாது. இரண்டு நாளில் குழு இரண்டாகப் பிளந்தது. சடையாண்டியே கொன்றான் என்பது சேனாதிபதி கட்சி. சடையாண்டியைக் கொன்றார்கள் என்பது அழகுமலை கட்சி. திண்டுக்கல்லில் மாமனும் மருமகனும் இதன்பொருட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மாமனின் மகள் மட்டும் நிம்மதியாக இருந்ததாகக் கேள்வி.

அடுத்த வாரம் வேன்கள் மலையேறின. நாவலில் வரும் பால் கடை எது? நாயுடுபுரத்தில் பால் விற்றுக்கொண்டிருந்த ஒரே பாவத்துக்காகப் புவனாவின் கடையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“சடையாண்டி வந்தானாம்மா?”

“எந்தச் சடையாண்டி?”

“பாத்தீங்களா, தெரியாத மாதிரி நடிக்குது!”

ஆளை விட்டால் போதும் என்று மறுநாள் புவனா, “வந்தான், ரெண்டு பாக்கெட் வாங்கினான், போய்ட்டான்” என்றாள். அது பெரிய தப்பு. ‘இரண்டு பாக்கெட்’ என்பது சாட்சியமாகிவிட்டது. தனியாக வாழ்கிற ஆளுக்கு இரண்டு பாக்கெட் எதற்கு? அப்படியானால் வீட்டில் இருந்த அந்த இன்னொரு ஆள் யார்?

புவனா கடையை அடைத்துவிட்டு நேரே குருநாதன் வீட்டுக்கு வந்தாள்.

“சார், ஒங்க சடையாண்டிய வெரசா வீட்டுக்குக் கூட்டியாந்துருங்க. ஒரு பயலும் பால் வாங்க மாட்டேங்கிறான், போட்டோவா புடிச்சுத் தள்றாங்க. நேத்து ஒருத்தர் என் தராச மோந்து பாக்குறாரு சார். எனக்குச் சோலி கெடக்கு.”

இந்த நேரத்தில்தான் இரண்டு கட்சியும் சேர்ந்து, ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குருநாதனுக்குப் பாராட்டு விழா வைத்தன. பாராட்டு என்பது பேனரில்தான். உண்மையில் அது விசாரணை. இருநூறு பேர். இடப்பக்கம் சேனாதிபதி ஆட்கள், வலப்பக்கம் அழகுமலை ஆட்கள், நடுவில் சமாதானத்துக்குக் கேசரி.

ஏழு சால்வைகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த குருநாதனுக்கு மூன்றாவது வரிசையில் பாண்டிச்செல்வி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேத்துப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பன்னிரண்டு வருஷமாக அவருடைய கோழிக்கிறுக்கலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற பெண் அவள். இந்த நாவலை அடிக்கும்போதே, “சார், சடையாண்டி என்னானான்?” என்று கேட்டிருந்தாள். அதற்கு அவர், “கதைய நான் பாத்துக்கறேன், நீ ஒற்றுப்பிழையப் பாரு” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லியிருந்தார். மேதை என்ற பட்டம் இனித்த இத்தனை நாளும் அந்த வார்த்தை மட்டும் மீன்முள்ளாக எங்கோ குத்திக்கொண்டே இருந்தது.

சேனாதிபதி மைக்கைப் பிடித்தார். “இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும் சார். சடையாண்டி கொன்னவனா, செத்தவனா?”

கொன்றவன் என்றால் வலப்பக்கம் நூறு வாசகர் போச்சு. செத்தவன் என்றால் இடப்பக்கம் நூறு. குருநாதன் மூன்றாவது வரிசையை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து நின்றார்.

“ரெண்டும் இல்லீங்க. நான் மறந்துட்டேன்.”

இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“அடை சாப்பிடப் போனேன், சடையாண்டிய மறந்துட்டேன். இந்தா இருக்கே பாண்டிச்செல்வி, இது அப்பவே கேட்டுச்சு. நான்தான் அதட்டி வாய அடைச்சேன். மேதையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. என்னைய மன்னிச்சிருங்க.”

சொல்லி முடித்ததும் ஏழு சால்வையும் கழன்று விழுந்தது போலிருந்தது அவருக்கு. கல்லோ செருப்போ வரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வந்தது கைதட்டல். இருநூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

“கேட்டீங்களாய்யா?” என்று சேனாதிபதி கத்தினார். “‘மறந்துட்டேன்!’ சும்மா சொல்வாரா? க்ளூ குடுக்கிறாரு!”

“ஞாபகமறதி!” என்று அழகுமலை நாற்காலி மேல் ஏறினார். “சடையாண்டிக்கு மண்டையில அடி! எல்லாத்தையும் மறந்துட்டு எங்கயோ சுத்திக்கிட்டிருக்கான்! அவன் சாகல, கொல்லவும் இல்ல!”

இரண்டு தலைவர்களும் மேடையில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குருநாதன் பதறிப்போனார்.

“ஐயா, பழனி முருகன் மேல சத்தியமாச் சொல்றேன், நெசமாவே மறந்துட்டேன்!”

“சாமி மேல சத்தியம் பண்ணி மறைக்கிறாருன்னா எம்மாம் பெரிய ரகசியம் பாத்துக்க!” என்றது பின்வரிசை.

பாண்டிச்செல்விக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறி மைக்கை வாங்கினாள். “அவரு சொல்றது நெசந்தாங்க. நான்தான் டைப் அடிச்சேன். அஞ்சாம் அத்தியாயம் பூராம் எண்ணெய்க் கறை. அடை தின்ன கைய ஒழுங்காக்கூடக் கழுவாம எழுதிருக்காரு.”

மண்டபத்தில் இருநூறு பேனா மூடி கழன்றது. ‘எண்ணெய்க் கறை’ என்று குறித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரின் காதில், மண்டபத்துக்கே கேட்கும்படி, “இந்தப் புள்ள எதையோ மறைக்குது” என்றார்.

பாண்டிச்செல்வி குருநாதனைப் பார்த்தாள். குருநாதன் பாண்டிச்செல்வியைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மேடையில் இருந்த நாற்காலிகளைப் பற்றிக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.

“இனிமே நான் ஏதாச்சும் கேட்டா பதில் சொல்வீங்களா சார்?”

“கேளு தாயி. கேட்டுக்கிட்டே இரு.”

அடுத்த நாவலுக்கு யோசனை சொன்னது பாண்டிச்செல்விதான். புவனாவின் கடையாவது பிழைக்கட்டும் என்று, நூற்று நாற்பத்தைந்தாவது நாவலின் முதல் பக்கத்திலேயே சடையாண்டி பால் பாக்கெட்டோடு வீட்டுக்குள் நுழைந்தான். “கடையில கூட்டம்” என்றான். காப்பி குடித்தான். படுத்துத் தூங்கிவிட்டான். இதற்குமேல் தெளிவாக ஒரு மனிதனைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?

நாலே நாளில் எழுபது கடிதம் வந்தது. எழுபதிலும் ஒரே முடிவு. வந்திருப்பவன் சடையாண்டி இல்லை. ஆள்மாறாட்டம்! அசல் சடையாண்டி ஒரு இடத்திலும் காப்பி குடித்ததாக எழுதப்படவில்லையே?

குருநாதன் கடிதங்களைப் படித்துப் படித்துச் சிரித்தார். லீலாவுக்கும் படித்துக் காட்டினார். அறுபத்தேழாவது கடிதத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. எழுபதாவது கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ‘மூட்டைக்குள் முகம்’ நாவலை எடுத்தார். பென்சிலைத் தேடினார். நாலாம் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நின்றார். மறுபடி படித்தார். பென்சிலால் கோடு போட்டார்.

“லீலா, இங்க வா. சடையாண்டி பால் வாங்கப் போறான். கையில பை எடுத்துட்டுப் போனதா எங்கயும் இல்ல.”

“அதுக்கு?”

“பை இல்லாம ஒருத்தன் எதுக்குப் பால் வாங்கப் போறான்?”

“நீங்கதானே எழுதுனீங்க?”

“நான்தான் எழுதுனேன்,” என்றார் குருநாதன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “ஆனா அவன் எங்கிட்டயே எதையோ மறைச்சிருக்கான்.”

எழுதியவரையே கடித்துத் தன் இனமாக்கிக்கொள்ளும் பிராணி இது. கடித்தது வலிக்காது, கடிபட்டது தெரியவும் தெரியாது. ஆகவே ஒரு எச்சரிக்கைக்காகக் கேட்கிறேன். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்ததில் உங்களுக்கு யார் மேலாவது, சும்மா ஒரு நூலளவு, சந்தேகம் வந்ததா?

இல்லையா? மிக்க மகிழ்ச்சி.

ஆனால், கேள்வி முடிவதற்குள் அத்தனை அவசரமாக ஏன் மறுத்தீர்கள்?