முதல் இர்ரெகுலர் முப்பத்தேழு

கணிதம் படித்தவளிடம் “இதனால என்ன யூஸ்?” என்று கேட்பவரைச் சும்மா விடக்கூடாது. இத்தனை வருடம் கழித்தும் என் கட்சி இதுதான்.

அப்போது கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருந்தேன். எம்.ஃபில். முழுக்கப் பெர்னூலி எண்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, யாரோ தட்டிய புரோகிராமில் பிழை பொறுக்கும் உத்தியோகம். (வயிறு என்று ஒன்று இருக்கிறதே!) வெள்ளிக்கிழமைகளில் ஊழியர்கள் விரும்பிய விஷயத்தைப் பேசலாம் என்றார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். ‘பகா எண்’ என்று போட்டால் ஈ, காக்கை வராது என்று, அதை மட்டும் வெட்டிவிட்டு, ‘இர்ரெகுலர் யார்? கண்டுபிடிப்பது எப்படி?’ என்று தலைப்பு வைத்தேன். (என்ன சாமர்த்தியம்!)

அரங்கு நிரம்பியது. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு முறைத்ததை ஆழ்ந்த கவனம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். முன்வரிசையில் மனிதவளப் பிரிவு ஸ்டெல்லா. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழச்சி. மடியில் நோட்டு.

“பெர்னூலி எண்கள் ஒரு பின்ன வரிசை. அதில் தன்னைவிடச் சிறிய இரட்டைப்படை இடங்களில் இருக்கும் தொகுதி எதையும் மீதியில்லாமல் வகுக்காத பகா எண் ரெகுலர். ஒன்றை வகுத்தாலும் இர்ரெகுலர்!” என்று முழங்கினேன். “முப்பத்தொன்று வரை ஒழுங்கு. முதல் இர்ரெகுலர் முப்பத்தேழு!”

மதுரைக்கார முருகேசன் துள்ளி எழுந்தார். “ஏங்க, ஒங்களுக்கு நான் என்னங்க பாவம் பண்ணேன்? போவன்பள்ளில காய்கறி லாரியெல்லாம் ரோட்ட அடைச்சு நிக்கிது. பறந்தா வர முடியும்?”

ஆபீசில் அவர் இருக்கை எண் முப்பத்தேழாம். எனக்கெப்படித் தெரியும்? “அடுத்து ஐம்பத்தொன்பது, அறுபத்தேழு…” என்று தொடர்ந்தேன். பின்வரிசையில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

“மெல்ல சொல்லு வள்ளி, சீட் நம்பர் எழுதிக்கறேன்” என்றாள் ஸ்டெல்லா.

அப்போதுதான் உறைத்தது. தலைப்பைப் பார்த்த மகராசி, தாமதமாக வருகிறவர்களை எல்லாம் கட்டாயம் உட்காரச் சொல்லியிருக்கிறாள்!

“இது ஆள் இல்ல ஸ்டெல்லா, எண்ணு! நூறு தடவ சொல்லிட்டேன், எண்ணு!”

“கைக்கு கத்தறே?” (அந்த ஊர் உருதுவில் ‘எதுக்கு’.) “எண்ணா இருந்தா என்ன? லேட்டுன்னா லேட்தான்.”

உடம்பெல்லாம் எரிந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கொட்டாவியை முடித்துக்கொண்டு கேட்டார்: “எல்லாம் சரிம்மா, இதனால கம்பெனிக்கு என்ன யூஸ்?”

கையிலிருந்த மார்க்கர் பறந்தது. அவர் நெற்றியில் நீலப் பொட்டு. பலகையைத்தான் குறிவைத்தேன் என்று விசாரணையில் சாதித்தேன். பலகை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

கோபத்தை அடக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். அடங்கவில்லை. இன்றும் வீட்டில் என் குரல் ஒரு படி ஏறினால் போதும், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் என் மகள் அப்பாவை எச்சரிக்கிறாள்: “டாடி, பென்னு தாச்செய்!” அவரும் மேஜைமேல் இருக்கும் பேனாக்களை அள்ளிச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்ட பிறகுதான், “சொல்லும்மா” என்கிறார்.