வளையம் மிஸ்ஸின் மீன்பெட்டி

திருகோணமலையில் பிறந்து வளர்ந்தும் கடலைக் காணாத ஒரே மனிசி எங்கட வளையம் மிஸ்தான். யன்னலால் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பா. ஆனால் அவவின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வளையங்கள்.

துறைமுகப் பக்கத்தில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடம். நான் அங்கே வருகிறவர்களின் பேர் பதிந்து துண்டு எழுதுகிறவள். மிஸ் இரத்தம் எடுக்கிறவ, மிச்ச நேரம் ஆராய்ச்சி. சூலகத்தில் நீர்க்கட்டி உள்ள பெண்களின் இரத்தத்தில் வளைய ஆர்.என்.ஏ. எப்படி மாறுகிறது என்று தேடுவதுதான் வேலை. இரத்தம் கொடுக்கக் கை நீட்டியவர் ஒருவரும் அவவின் விளக்கத்துக்குத் தப்ப ஏலாது. தேத்தண்ணிக் கோப்பை மேசையில் விட்ட தடத்தைக் காட்டுவா.

"மற்ற ஆர்.என்.ஏ. நூல் மாதிரி. இரத்தத்தில இருக்கிற நொதியம் நுனியிலயிருந்து அரிச்சுப்போடும். இதுக்கு நுனியே இல்லைப் பாருங்கோ. கன நேரம் கிடக்கும்."

"அப்ப எனக்குக் கொலஸ்ட்ரோல் இருக்கா இல்லையா, மிஸ்?" என்று கேட்டார் ஒரு மீன் முதலாளி, பாவம்.

அவவுக்கு இரத்தம் கொடுத்தவர்களில் பதினேழாம் இலக்கம் நான். மாதவிலக்கு நாலு மாதத்துக்கு ஒருக்காத்தான் எனக்கு வரும். நாடியில் தாடி மாதிரி முடி வேறு. உப்புவெளியில் ஒரு மாப்பிள்ளை வீட்டோடு எனக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஏதோ என் பிழை என்றே நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலை, மிஸ் இரத்தக் குழாய்களை ஐஸ் போட்ட, மீன்காரர் பாவிக்கிற மாதிரி வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, கண்டி பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போனா. நனையக்கூடாதென்று பேர்ப் பட்டியலையும் உள்ளேயே வைத்தா. பஸ் நிலையத்தில் தேங்கிய தண்ணீரில் மழைத்துளி வளையம் வளையமாய் விரிந்ததாம். பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது. பெட்டியோடு திரும்பி வந்தா.

"பிள்ளை, ஒரு மாதிரி மணக்குது, என்ன?"

திறந்தோம். உள்ளே சூடை மீன். பஸ் நிலையத்தில் பெட்டி மாறிவிட்டது. பட்டியலோடு என் பேர் யாரோ ஒருவரின் குசினி அடுப்படிக்குப் போய்விட்டது. மிஸ் ஆறுதலாக மீனுக்குப் புது ஐஸ் போட்டா.

"இதுவும் பழுதாகக் கூடாதுதானே."

பின்னேரம் தோப்பூரிலிருந்து ஒரு உம்மா வந்து இறங்கினா, எங்கள் பெட்டியோடு.

"துண்டில இந்த இடத்து நம்பர் கிடந்திச்சு. ஐஸ் மாத்தித்தான் கொண்டந்திருக்கன். இது என்ன நோய், என்ன வருத்தம், மகள்?"

மிஸ் கோப்பையைத் தேடினா. நீர்க்கட்டியையும் வளையத்தையும் சொல்லி முடியும்வரை உம்மா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

"என்ட புள்ளைக்கும் இதுதான். மாமி வீட்டார் அவட குற்றமெண்டு பேசுறாங்க."

"ஒருத்தற்ற குற்றமும் இல்லை. சில வளையம் கூடிக் கிடக்கு, சிலது குறைஞ்சு கிடக்கு. அதால வருத்தமா, வருத்தத்தால அதுவா எண்டு இன்னும் தெரியாது. படிச்சவைக்கே தெரியாததுக்கு அந்தப் பிள்ளையைப் பேசி என்ன?"

"எனக்கும் இதுதான்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். உப்புவெளிக்கும் சொன்னோம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். எனக்கு நல்ல நித்திரை வருகிறது.

மிஸ்ஸின் ஆராய்ச்சி முடியவில்லை. முடிந்தால் பட்டத்தோடு கண்டிக்கே போய்விடுவா. முடியவேண்டுமென்று கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அவசரமில்லை என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.