மூன்றடிச் சுவரின் அதிபதி

வாசகரே, மனித குலத்தில் அண்மையில் ஒரு புதுப் பிரிவு தோன்றியிருக்கிறது. கணினியின் நெற்றியில் கடுகளவு கேமரா முளைத்த நாளில் பிறந்த பிரிவு அது. சுவர்வாசிகள் என்று அழைக்கலாம். இவர்களுக்கு வீடு உண்டு. ஆனால் வீட்டில் வாழ்வதில்லை. கேமராவுக்குத் தெரிகிற மூன்றடி அகலச் சுவருக்கு முன்னால் மட்டுமே வாழ்கிறார்கள். அந்த மூன்றடிக்குள் புத்தக அடுக்கு, பச்சைச் செடி, இஸ்திரி போட்ட சட்டை, சிந்தனை வழியும் முகம். அதற்கு வெளியே? மடிக்காத துணி மலை, கால் ஆடும் கட்டில், வாயைப் பொத்திக்கொண்டு தும்மும் குடும்பம்.

ஒருவரைப் பார்த்தால் போதும், மற்றவர்களையும் பார்த்த மாதிரிதான். வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டுச் சமாதானம் சொல்லும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் இளைஞர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர். யார் எங்கே நிற்பது, எப்போது இருமுவது என்று வீட்டில் ஓயாமல் உத்தரவு போட்டதால் தங்கை அவருக்கு 'டைரக்டர்' என்று பெயர் வைத்தாள். ஒட்டிக்கொண்டது.

டைரக்டரின் அப்பா பெயிண்டர். மகன் ஆசைப்பட்டார் என்று சாம்பல் கலந்த நீலத்தைக் கலக்கி எடுத்துக்கொண்டு நின்றார்.

"மூணடிக்கு மட்டும் அடிங்கப்பா, போதும்."

"மீதிச் சுவரு என்னடா பாவம் பண்ணுச்சு?"

"அது கேமராவுல தெரியாதுப்பா."

ஊரார் வீட்டையெல்லாம் மூலை முடுக்கு விடாமல் அடித்த மனிதர், சொந்த வீட்டில் மூன்றடியோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். அந்த நீலத்தின் முன்னால் தடித்த புத்தகங்கள் வந்து நின்றன. தடிமன் பார்த்து வாங்கியவை. அதில் ஒன்று மாட்டு வைத்தியம். செடி தங்கையுடையது. கூட்டம் தொடங்கினால் வந்து நிற்கும், முடிந்தால் ஜன்னலுக்குத் திரும்பிவிடும்.

சிக்கல் ஒன்றுதான். வாசலுக்குப் போகிற வழி டைரக்டரின் முதுகுக்குப் பின்னால் ஓடியது. அதனால் அந்த வீட்டில் ஒரு புது நடை பழக்கத்துக்கு வந்தது: பீரோவை நெருங்கியதும் முட்டி போட வேண்டும், நாற்காலியைத் தாண்டும்வரை நாலு காலில் போக வேண்டும், செருப்பு அலமாரி வந்தபின் மறுபடி மனிதராகலாம். அம்மா இதைத் தண்ணீர் வாளியோடு செய்வார், ஒரு சொட்டுச் சிந்தாமல். தங்கையும் செய்வாள், நடுவழியில் நின்று ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு தரம் கத்திவிட்டுப் போவாள். "கனெக்‌ஷன்ல ஏதோ சத்தம் சார்" என்பார் டைரக்டர், முகம் மாறாமல்.

முகம் மாறாமல் இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. திரை மூலையில் தெரியும் தன் சின்னப் படத்தைப் பார்த்தே தலை வாருவார். பிறர் பேசும்போது புரிந்தாலும் புரியாவிட்டாலும் ஒரே தாளத்தில் தலையாட்டுவார். பதில் தெரியாத கேள்வி வந்தால்? அங்கேதான் அவருடைய வித்தை. வாய் பாதி திறந்தபடி, இமை பாதி மூடியபடி, அப்படியே கல்லாகிவிடுவார். "நெட்டு போயிடுச்சு போல" என்று பாவப்பட்டு அடுத்தவரிடம் கேள்வியைத் தள்ளிவிடுவார்கள்.

இப்படி இருக்கையில் டீம் லீடர் பதவிக்கு நேர்காணல் வந்தது. அவர் இத்தனை நாள் அலங்கரித்த சுவர், வளர்த்த முகபாவம், எல்லாமே இந்த ஒரு நாளுக்காகத்தான். புதுக் கேமரா ஒன்று வாங்கினார். கண் அகலமான கேமரா. ஆள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் படமும் கூடவே நகரும். அறைக்குள் இடமும் வலமும் நடந்து பார்த்தார். படம் அவர் பின்னாலேயே ஓடி வந்தது. பிறந்ததிலிருந்து தன்னை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை என்று டைரக்டர் உருகிப்போனார்.

அன்று காலை அப்பா கேட்டார்: "தம்பி, வேலைக்குக் கெளம்பணும்டா. ஆளுங்க காத்துட்டிருக்காங்க."

"போங்கப்பா. வழக்கம்போல போங்க. ஏணி மட்டும் வேணாம், கேமராவுல தெரியும்."

நேர்காணல் தொடங்கியது. பேசும்போது திரையைப் பார்க்கக் கூடாது, கேமராவின் கண்ணையே பார்க்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தார் டைரக்டர். இமைக்காமல், தோள் அசையாமல், சிலை மாதிரி பார்த்தார்.

"உங்களுக்குக் கீழ வேலை பாக்கறவங்கள எப்படி நடத்துவீங்க?" என்றார் திரையில் இருந்த பெண் மேலாளர்.

பதிலை மனப்பாடம் செய்திருந்த கேள்வி! "எல்லாரையும் சமமா நடத்துவேன் மேடம். எங்க டீம்ல பெரியவங்க, சின்னவங்கன்னு…"

கேமரா யோசித்தது. முன்னால் இருப்பது அசையவில்லை. படமாக இருக்க வேண்டும். பின்னால் தரையோடு ஏதோ அசைகிறதே, அதுதான் ஆள். டைரக்டரைச் சுவர்க் காலண்டரைப் போல ஒதுக்கிவிட்டு, திரை முழுக்க அப்பாவை நிரப்பியது. பெயிண்ட் டப்பாவை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, பிரஷ்ஷைப் பல்லில் கவ்விக்கொண்டு, நாலு காலில் போய்க்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் மேலாளர். "அது யாரு?"

டைரக்டர் திரையைப் பார்த்தார். காப்பாற்றியவர் அப்பாதான். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். "பெயிண்ட் அடிக்கிற ஆளு மேடம். இதோ கெளம்பிட்டேன்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விட்டுப்போன சொல் ஒன்றுதான்.

டைரக்டர் தலையை ஆட்டியிருந்தால் போதும், மூன்றடி ராஜ்ஜியம் பிழைத்திருக்கும். ஆட்டத்தான் போனார். ஆனால் அப்பாவின் முட்டி இரண்டிலும் வெளுத்துப்போன வட்டங்கள் திரையில் பெரிதாகத் தெரிந்தன. வேலையில் ஏணி ஏறுகிறவருக்கு முட்டி தேயாது; இது வீட்டில் தேய்ந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்; ஆனால் புதுக் கேமரா, துல்லியம் அதிகம்.

"அவர்… எங்க அப்பா மேடம்."

"அப்பாவா? சொந்த வீட்ல ஏன் தவழ்ந்து போறாரு?"

டைரக்டர் கல்லானார். வாய் பாதி திறந்தபடி, இமை பாதி மூடியபடி. பழைய வித்தை.

"நெட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் மேலாளர். "பின்னாடி அப்பா அசையறாரே."

சமையலறையிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி கத்தியது.

"சரி, விடுங்க. அந்த நீலம் நல்லா இருக்கு. எனக்குப் பின்னாடியும் அப்படி ஒரு சுவரு வேணும். அப்பாவை வந்து உக்காரச் சொல்லுங்க."

அன்று அந்த வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. டைரக்டருக்குக் கிடைத்தது "யோசிச்சுச் சொல்றோம்". எழுந்து இடம் கொடுத்தார்; நாற்காலியின் பின்னால் நிமிர்ந்து நடந்து போய், ஏணியைத் தானே எடுத்து வாசலில் வைத்தார்.

கதையை இங்கே நிறுத்தினால் அப்பா உத்தமர். என்ன செய்வது, நாற்காலியில் அவர் உட்கார்ந்தாயிற்று. திரையின் மூலையில் தன் சின்னப் படத்தைக் கண்டார். காலரைச் சரிசெய்தார். தலையைக் கோதினார். செடியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தார். "முழுச் சுவரும் அடிச்சாத்தான் மேடம் எடுப்பா இருக்கும்" என்று சிந்தனை வழியும் முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தபோது, பீரோ பக்கமிருந்து அம்மா வாளியோடு, மகன் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்த தைரியத்தில், நேராக நடந்து வந்தார். அப்பா திரும்பவில்லை. அவர் கை மட்டும் மேசைக்கு அடியில் மெல்ல ஆடியது: குனி, குனி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன முறை உங்கள் கேமரா கண் விழித்தபோது, மேசைக்கு அடியில் ஒரு கை ஆடியதே, அது யாருடைய கை? ஞாபகம் வரவில்லையென்றால் பரவாயில்லை. உங்கள் வீட்டில் யாருடைய முட்டி வெளுத்திருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.